ஆபீசுக்கு வந்தவனும் வீட்டுக்கு வந்தவனும்

இந்த நாட்டில் வீட்டுக்கு வருகிற யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவர், ஹீட்டரைப் பழுது பார்க்க வருகிறவர், கடவுளைப் பற்றிப் பேச ஜோடி ஜோடியாக வருகிற இளைஞர்கள், யாராக இருந்தாலும் சரி, தம்ளரை நீட்டினால் ஒரே பதில்தான். "நோ தேங்க்ஸ், ஐ ஆம் ஃபைன்." சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். நம்மைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று வந்த புதிதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். புத்திக்குப் புரிந்தது. என் இடது கைக்குத்தான் இன்னும் புரியவில்லை. யாராவது தண்ணீர் வேண்டாம் என்றதும் அது தானாகப் போய் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். இங்கே சேலை கட்டுவது குறைந்துபோனதால் இப்போது ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகொள்கிறது. வீட்டிலேயே ஆபீஸ் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறவர்கள் ஊரிலும் இருப்பீர்கள், என்னைப்போல அயல்நாட்டிலும் இருப்பீர்கள். என் கையிடம் கேட்டால் அது ஒரு பதில் சொல்லும். அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது வின்னிபெக் என்ற ஊர். கனடாவின் நடுவயிற்றில் கிடக்கிறது. பாதி வருஷம் பனி, மீதி வருஷம் கொசு. நான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட். இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கிற அதிகாரிகள் தங்கள் அறிக்கையைக் கேசட்டில் பேசிக் கொடுப்பார்கள். நான் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நாடாவை ஓட்டி நிறுத்தி, கேட்டதை டைப் அடிக்க வேண்டும். கார் மோதி நசுங்கிய கால், மதுக்கடையில் பாட்டிலால் கிழிந்த முகம், பனி அள்ளும் மெஷினில் போன விரல், அண்டை வீட்டு நாய் கடித்துப் பிய்த்த கெண்டைச்சதை. நாள் முழுக்க இதுதான். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காததால் மீதி எட்டு விரலால் அடிப்பேன். என்றாலும் எங்கள் செக்‌ஷனில் என் வேகத்துக்குக் குறை சொன்னவர் யாருமில்லை. ஒருநாள் எங்கள் மேனேஜர் வால்டர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். கம்பெனி இந்த மாடியைக் காலி செய்யப்போகிறது. இனி டைப் அடிக்கிற மெஷின் அவரவர் வீட்டுக்கே வந்துவிடும், கேசட்டும் வந்துவிடும். ஒரு மாதம் செய்து பாருங்கள், பிறகு ஒத்து வருமா என்று சொல்லுங்கள். ஒத்து வராது என்பவர்களுக்கு ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்தில் நாற்காலி இருக்குமா என்று கேட்டதற்கு, அவர் உதட்டைப் பிதுக்கினார். அதாவது, வேண்டாம் என்றால் வேலை போகலாம்.

மற்ற பெண்கள் கை தட்டினார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், பனியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். நான் மட்டும் கம்மென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வால்டர் என் மேஜைக்கு வந்தார். நிலைவாசலை நிறைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி, ஆனால் குரல் மெதுவானது. "கோமதி, உனக்கு உன் வீடு பிடிக்காதா?" என்று கேட்டார். "பிடிக்கும். அதனால்தான்" என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

வீட்டில் என் கணவர் சுப்பையாவிடம் சொன்னேன். அவர் இங்கே ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல். "ஏட்டி, பஸ்ஸுக்கு நின்னு நின்னு ஒனக்குக் காது அந்துபோவுது. மெஷின் வீடு தேடி வருதுன்னா வேண்டாம்ங்கியே! இது ஊரு இல்லட்டீ. இங்கன எவன் அருவாளத் தூக்கிட்டு வரப்போறான்?"

"அங்கன மட்டும் தூக்கிட்டு வாரேன்னு சொல்லிட்டா வந்தான்?" என்றேன்.

சங்கரன்கோவிலில் அவர் சர்வேயராக இருந்தார். சர்க்கார் வேலையை விட்டுவிட்டுத் தனியாக நிலம் அளந்து புலப்படம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம், எழுபதுகளின் பின்பாதி. முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில்தான் ஆபீஸ். ஹாரன் சத்தத்திலும் புழுதியிலும் கோடு நேராக வரவில்லை என்று சொல்லி, வரைகிற மேஜையை எங்கள் வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டார். வேலையும் ஆகும், வேளைக்குச் சோறும் ஆகும் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கம்பக்கமெல்லாம் தறி ஓடுகிற தெரு. அந்தச் சத்தத்துக்கு அவர் காது பழகியிருந்தது.

அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் கரிசல்காட்டு ஆட்கள். கரிசல் மண் சும்மா கிடக்காது. வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் பொதுபொதுவென்று ஊதும். ஊன்றிய எல்லைக்கல் ஒரு வருஷம் இந்தப் பக்கம் சாயும், மறு வருஷம் அந்தப் பக்கம் நகரும். கல்லை நகர்த்தியது மண் என்று எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான். பக்கத்துப் புஞ்சைக்காரன்தான் ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்தினான் என்பான். பக்கத்துப் புஞ்சைக்காரன் பெரும்பாலும் கூடப் பிறந்தவனாகவோ சித்தப்பன் மகனாகவோ இருப்பான். குருவிகுளத்திலிருந்தும் திருவேங்கடத்திலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து, மண்டைக்கு ஏறிய கோபத்தோடு வந்து இறங்குவார்கள். நான் வாசல் தெளிக்கும்போதே நாலு பேர் நிற்பார்கள். மாடி அறையில் ஆபீஸ் இருந்தபோது அங்கே நடந்த அடிதடிக்குக் கணக்கே கிடையாது. சட்டையைக் கிழிப்பதும், மை பாட்டிலை எடுத்து மண்டையில் அடிப்பதும், கட்டிப் புரண்டு படியில் உருளுவதும் வாடிக்கை. ஒருத்தர் காதைக் கடித்துத் துப்பியதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு அது நின்றது. காரணம் இவர் அல்ல, என் பித்தளைச் செம்புதான். யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். பகையாளி வீட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் அந்த வீட்டுக்குள் கை ஓங்க மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருமுறை திருவேங்கடத்துப் பக்கமிருந்து மாமனும் மருமகனுமாக வந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மரியாதையாக உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு தடித்ததும் இரண்டு பேரும் எழுந்து, தெருமுனை வரைக்கும் நடந்து போய், அங்கே கல்லை எடுத்து ஒருத்தரையொருத்தர் மாறி மாறி அடித்துக்கொண்டு, திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். மாமன் வாயில் முன்பல்லைக் காணோம். "மதினி, இன்னுங் கொஞ்சம் தண்ணி தாங்க, வாயக் கொப்புளிக்கணும்" என்றார். வாசலில் சிவப்பாகக் கொப்புளித்துத் துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த ரத்தத்தைக் கழுவிவிட்டது நான்.

கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப்போனது. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு முன்னறைக்கு வர முடியாது. காய்ச்சலென்று படுத்தாலும் கதவுக்கு அந்தப் பக்கம், "வெட்டிப் பொலி போட்டுருவேன்" என்று குரல் கேட்கும். அடுப்பில் குழம்பு கொதிக்கும், முன்னறையில் கொலை பேசுவார்கள். ஒருநாள் சோற்றுச் சட்டியை நங்கென்று தரையில் வைத்துவிட்டுக் கேட்டேன். "இது வீடா, போலீஸ் ஸ்டேஷனா?"

"ஆபீஸ்" என்றார்.

"அப்ப வீடு எங்க?"

சர்வேயருக்கு எந்தக் கேள்வி வந்தாலும் கோடு போட்டுத்தான் பதில் சொல்லத் தெரியும். மறுநாள் டேப்பைப் பிடித்து அளந்து, முன்னறைச் சிமென்ட் தரையில், மேஜைக்கும் உள்வாசலுக்கும் நடுவில், சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆபீஸ், இந்தப் பக்கம் வீடு. வருகிறவர்கள் யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டவும் இல்லை. எல்லைக்காகத் தலையை வெட்டுகிறவர்கள் எல்லைக்குக் கொடுக்கிற மரியாதையே தனி. எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. கோட்டின் ஓரத்தில் நின்றபடி கையை நீட்டிச் செம்பைக் கொடுப்பேன், அவர்கள் அந்தப் பக்கம் நின்று வாங்கிக் குடிப்பார்கள்.

இங்கே வின்னிபெக்கில் மெஷின் வந்து இறங்கிய அன்று என் கணவர் அதை பேஸ்மென்ட்டில், அதாவது தரைக்குக் கீழே இருக்கிற அறையில், கொண்டுபோய் வைத்தார். இந்த ஊர் மண்ணும் கரிசல்தான். கறுப்பாக, ஈரத்தில் ஊதி வெயிலில் வெடிக்கிற களி. அது தள்ளித் தள்ளி எங்கள் பேஸ்மென்ட் சுவரில் குறுக்காக ஒரு விரிசல் ஓடுகிறது. அதைப் பார்த்து அவருக்கு வந்த நாளிலிருந்தே பெருமை, ஊர் மண்ணைக் கண்டதுபோல. அந்த விரிசலுக்கு எதிரில் உட்கார்ந்து நான் டைப் அடித்தேன். ஆபீசில் இருந்தவரை எந்தக் காயத்தை அடித்தாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பஸ் ஏறினால் அதெல்லாம் அந்த மாடியோடு நின்றுவிடும். வீட்டில் அது நிற்கவில்லை. என்னோடு மாடிப்படி ஏறி அடுப்படிக்கு வந்தது. தக்காளி நறுக்கும்போது, "தசை எலும்பு வரை கிழிந்துள்ளது" என்று கேசட்டில் பேசுகிற அதிகாரியின் குரல் காதுக்குள் கேட்டது. குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. வாசல்மணி அடித்தால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். எதற்கெடுத்தாலும் சண்டை. தட்டுகளை உடைத்தேன். எனக்கு அப்போது இருந்தது கோபமா பயமா என்று கேட்டால், இரண்டும்தான்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருந்தால் மனசுக்கு நல்லது என்று வால்டர் சொல்லியனுப்பியிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு மஞ்சள் டேப்பை எடுத்து, பேஸ்மென்ட் தரையில், என் மேஜையைச் சுற்றி, நூல் பிடித்ததுபோலக் கோடு ஒட்டி வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நான் அதைப் பார்த்ததும் என்ன செய்தேன் என்பதை அவர்தான் பிறகு சொன்னார். தரையில் மண்டியிட்டு நகத்தால் பிறாண்டி அதைப் பிய்த்தேனாம். "மறுபடியும் கோடா வே? மறுபடியும் கோடா?" என்று கத்தினேனாம். ஆண்கள் தங்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வதுபோலப் புருஷனை "வே" என்று கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். மிச்ச டேப் உருளையை அவர் முகத்தில் விட்டெறிந்தேன். கண்ணாடி உடைந்து புருவத்தில் ரத்தம் வந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். சங்கரன்கோவிலில் அது ஆடித்தபசுத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்திருந்த சமயம், நல்ல மத்தியான வெயில். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. இளையரசனேந்தல் பக்கத்து மாடசாமி என்பவன் வந்து நின்றான். அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் ஒரு கிணற்றைப் பற்றி வழக்கு. கிணறு யார் பாகத்தில் விழுகிறது என்று அளக்கச் சொல்லி என் கணவரை ஊர்ப் பெரியவர்கள் அழைத்துப்போயிருந்தார்கள். அளந்ததில் கிணறு அண்ணன் பக்கம் விழுந்தது. கரிசலில் கிணறு போனால் மீதி நிலம் இருந்தும் பிரயோஜனமில்லை. அன்று அந்தப் படத்தைத்தான் இவர் மையில் வரைந்துகொண்டிருந்தார். மாடசாமி கக்கத்தில் ஒரு சாக்கைச் சுருட்டி வைத்துக்கொண்டு, சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பெருவிரல் கோட்டைத் தொடாமல் நின்றான். முன்னால் பல தடவை வந்தவன்தான், பல தடவை என் கையால் தண்ணீர் குடித்தவன்தான்.

"வாங்க அண்ணாச்சி, வேகாத வெயில்ல வந்திருக்கிய. தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினேன்.

"வேண்டாம் தாயி."

"ஒரு வாய் குடிங்க."

"வேண்டாம்னுட்டேன்லா."

"வீட்டுக்கு வந்துட்டுத் தண்ணி வேண்டாம்னா எப்படி அண்ணாச்சி?"

அவன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். "நான் வீட்டுக்கு வரல தாயி. கோட்டப் பாருங்க. ஆபீசுக்குத்தான் வந்திருக்கேன்."

என் கணவர் மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்தார். "பேசத் தெரிஞ்ச ஆளுவே நீரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரை வேண்டாம் என்றவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எல்லைக்கோடு போட்டது நாங்கள்தான். அந்தக் கோட்டை வைத்தே அவன் தண்ணீர்க் கட்டுப்பாட்டிலிருந்து தன்னை விடுவித்துக்கொண்டான். அது வீடு இல்லை என்று ஆகிவிட்டால், அங்கே கை ஓங்குவதில் அவனுக்குத் தடையே இல்லை.

சாக்கு கீழே விழுந்தது. அரிவாள் இவர் பிடரிக்கு மேலே போனதைப் பார்த்தேன். கோட்டைத் தாண்டினேன். கையிலிருந்த செம்பைத் தூக்கிப் பிடித்தது நினைவிருக்கிறது. அரிவாள் செம்பின் விளிம்பைக் கடித்து, கிழித்துக்கொண்டு இறங்கி, என் இடது கையில் விழுந்தது. அப்போது வலிக்கவில்லை. தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து மேஜையில் கொட்ட, ஈர மை கரைந்து படத்தில் கிணறு இருந்த இடம் காணாமல் போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடசாமி இன்னொரு தடவை ஓங்குவதற்குள் இவர் மூலையில் கிடந்த நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியைச் சுருளோடு தூக்கி அவன் முகத்தில் வீசினார். மறுபடியும் வீசினார். ஒரு எறும்பைக்கூட நசுக்காமல் ஊதித் தள்ளிவிடுகிற மனுஷன், அவன் கீழே விழுந்த பிறகும் வீசினார். அப்போதுதான் நான் கத்தினேன் போலிருக்கிறது. தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அந்த நிசப்தத்துக்குப் பிறகுதான் எனக்கு வலிக்க ஆரம்பித்தது.

தறிக்காரர்கள் கையில் கிடைத்த கட்டையோடு ஓடிவந்தார்கள். மாடசாமியைக் காலைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் கோயில் புற்றுமண்ணை அள்ளிக்கொண்டு வந்து என் வெட்டில் அப்பப் பார்க்க, இவர் அவள் கையைத் தட்டிவிட்டு வேட்டியைக் கிழித்துக் கட்டினார். ஜட்கா வரும்வரை என்னை வாசல்படியில் உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு எதிரே, தெருவில், அவனை அடித்தார்கள். அடிக்கிற சத்தம் தறிச் சத்தம் மாதிரியே சீராக விழுந்தது. அடிக்கு நடுவிலிருந்து அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "தாயி, தண்ணி குடுங்க. ஒரு வாய் தண்ணி."

பக்கத்து வீட்டு அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். "குடுக்காதிய" என்றேன். பிறகு அவனுக்குக் கேட்கும்படி சொன்னேன். "ஆபீசுல தண்ணி கெடையாது."

யாரும் கொடுக்கவில்லை. அதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. அவன் பிழைத்துக்கொண்டான், ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தபடி ஜெயிலுக்குப் போனான். என் விரலைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் தைத்தார்கள், மடங்கவில்லை. அவன் சொந்தக்காரர்கள் எங்கள் ஓட்டின் மேல் கல் எறிந்தார்கள், எறிந்துகொண்டே இருந்தார்கள். கனடாவில் வரைபடம் தெரிந்த ஆட்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவர் மனுப் போட்டார். வரும்போது என் பெட்டியில் அந்தச் செம்பை வைத்தேன். எதற்கு என்று இவர் கேட்கவில்லை.

ஒரு மாதம் முடிகிற சனிக்கிழமை வால்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மெஷின் வைத்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒத்து வருகிறதா என்று என் வாயால் கேட்டுப் போவதற்காக வந்தார். பனி பூட்ஸைக் கழற்றச் சொன்னேன், சொன்னபடி கழற்றினார். சாக்ஸ் காலோடு குனிந்து குனிந்து பேஸ்மென்ட் படி இறங்கினார். கக்கத்தில் ஒரு தோல் பை. நான் அன்றைக்குத் தம்ளரை எடுக்கவில்லை, செம்பை எடுத்தேன். ஒரு தைரியத்துக்காகத்தான் எடுத்தேன். விளிம்பில் வெட்டு இருப்பதால் அதில் பாதிக்குத்தான் தண்ணீர் நிற்கும்.

"தண்ணீர் குடியுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நோ தேங்க்ஸ்."

"கொஞ்சம்."

"ஐ ஆம் ஃபைன், கோமதி."

"தயவுசெய்து குடியுங்கள்."

அவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். "சிரமப்படாதே. நான் விருந்தாளி இல்லை. ஆபீஸ் வேலையாகத்தான் வந்திருக்கிறேன்" என்றார். சொல்லிக்கொண்டே கக்கத்துப் பையை எடுத்து அதற்குள் கையை விட்டார்.

அடித்துவிட்டேன். செம்பாலேயே, என் பலம் முழுவதையும் சேர்த்து, பைக்குள் இருந்த அந்தக் கையின் மேல் அடித்தேன். கிழிந்த விளிம்பு அவர் மணிக்கட்டைக் கீறியது. அத்தனை பெரிய மனிதர் தடுமாறிப் பின்னால் படியில் உட்கார்ந்துவிட்டார். பை கவிழ்ந்தது. அதிலிருந்து விழுந்தவை அடுத்த வாரத்துக் கேசட்டுகள். நான் நிறுத்தவில்லை. செம்பை ஓங்கிக்கொண்டு, "குடிலே! தண்ணியக் குடிலே!" என்று தமிழில் கத்தினேன். "வொய்? வொய்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். என் கணவர் மேலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "ஏட்டி, ஏட்டி, விடுட்டீ" என்றவர், நிலைமையைப் பார்த்ததும் வால்டரிடம் திரும்பி, "சார், ப்ளீஸ், குடித்துவிடுங்கள். பிறகு சொல்கிறேன்" என்றார். இவரே குழாயில் செம்பை நிறைத்து நீட்டினார். வால்டர் இரண்டு கையாலும் வாங்கி, பல்லில் செம்பு மோத மோதக் குடித்தார். வெட்டு வழியாக ஒழுகி சட்டையெல்லாம் நனைந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவர் குடித்து முடித்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"போலீசைக் கூப்பிடுங்கள்" என்று நானேதான் சொன்னேன். அவர் கூப்பிடவில்லை. என் கணவர் அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே சங்கரன்கோவிலைப் பற்றிச் சொன்னார். கேட்டு முடித்ததும் வால்டர் என் இடது கையை வெகுநேரம் பார்த்தார். "டைப் அடிக்கும்போது அந்த இரண்டு விரலைத் தூக்கி வைத்துக்கொள்வது உங்கள் நாட்டுப் பழக்கம் என்று நினைத்திருந்தேன்" என்றார். பிறகு, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

இதுதான் நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அந்த ஒரு மாதமும் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான். வீட்டில் வேலை செய்வது நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்ளும். அவர்களுக்கு வீடென்றால் வசதி. எனக்கு வீடென்றால், வருகிறவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டிய இடம். குடிக்காதவனும் வந்து போகிற இடமாக அதை ஆக்க எனக்கு உடம்பில் தெம்பில்லை. "எனக்கு ஆபீஸ் வேண்டும். எத்தனை தூரத்தில் இருந்தாலும் வருகிறேன். நாற்காலி இல்லையென்றால் நின்றுகொண்டு அடிக்கிறேன்" என்றேன். அவர் கீழே கிடந்த கேசட்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமலே அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தோம்.

வேலை போகவில்லை. ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்தில் சாமான் போட்டு வைக்கிற அறையை ஒட்டி எனக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். பஸ் மாறிப் போகிறேன், காது அந்துபோகத்தான் செய்கிறது. முதல் நாள் நான் எடுத்துக்கொண்டு போனது செம்பு. அது இனி வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் கண்ணாடித் தம்ளர்தான், வருகிறவர்கள் வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் கேசட்டுகளோடு வருகிற வால்டர், குட்மார்னிங் சொல்வதற்கு முன்னால் செம்பை எடுத்து நாலு வாய் தண்ணீர் குடிக்கிறார். மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. குடித்த பிறகுதான் கேசட்டை மேஜையில் வைக்கிறார். மற்றவர்கள் இதை எங்கள் மதச் சடங்கு என்று நினைத்திருக்கிறார்கள்.

போன வாரம் குடித்துவிட்டுச் செம்பை வைக்கும்போது கேட்டார். "அந்த ஆளுக்குக் கடைசியில் யாராவது தண்ணீர் கொடுத்தார்களா?"

"இல்லை" என்றேன்.

அவர் கேசட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். கேசட்டில் யாரோ யாரையோ அடித்திருந்தார்கள். செம்பில் அவர் வைத்த மிச்சத் தண்ணீர் இருந்தது. வருந்தவில்லை என்று மேலே எழுதியதை நான் அழிக்கப்போவதில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தத் தண்ணீரை என்னால் குடிக்கவும் முடியவில்லை, எடுத்துக் கொட்டவும் முடியவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது, வெட்டு இருக்கிற உயரம் வரைக்கும் நிறைத்து, மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.